காலக்காவின் குதிகால்

பாஞ்சாலி தாயின் வயிற்றிலிருந்து வெளியே வந்தபோது தலைக்கு முன்னால் கால் வந்தது. அவள் செய்த காரியம் அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் எந்த வைத்தியமும் படிக்கவில்லை. பெங்களூர் ஜோகுபாளையத்தில் அவள் குடியிருந்த சந்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது. இடுப்புப் பிடித்தவன், முதுகில் வாயு இறங்கியவள், சிமென்ட் மூட்டையைத் தூக்கும்போது 'மளுக்'கென்று சத்தம் கேட்டவன் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். கால் முன்னால் பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு விட்டுப்போகும் என்பது, காவிரி முதல் கிரிக்கெட் வரை எல்லாவற்றுக்கும் சண்டை போட்டுக்கொள்ளும் அந்தச் சந்தில் தமிழரும் கன்னடரும் சேர்ந்து ஒத்துக்கொண்ட ஒரே விஷயம்.

அதற்கு ஒரு முறை உண்டு. பல் விளக்காமல், காபி குடிக்காமல் வரவேண்டும். வாசற்காலைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டிக் குனிந்து நிற்கவேண்டும். பாஞ்சாலி வலது குதிகாலை வலிக்கிற இடத்தில் வைத்து முதலில் ஒரு அழுத்து அழுத்துவாள். பிறகு ஒரு மிதி. மிதி வாங்கியவர் வாயைத் திறக்கக்கூடாது. 'அம்மா' என்று கத்தக்கூடாது, 'வரேன்கா' என்றுகூடச் சொல்லக்கூடாது. திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட வேண்டும். பேசினால் பலன் போய்விடும்.

"பேஷண்டு வாயத் தொறக்கக்கூடாது. அதுலதான் இந்த வைத்தியம் இவ்ளோ நாளா ஓடுது" என்பான் அவள் புருஷன் இளங்கோவன். "எங்க மார்பிள் கடை முதலாளியும் இதே ரூல்தான் வெச்சிருக்கான்."

இளங்கோவன் பழைய மெட்ராஸ் ரோட்டில் ஒரு மார்பிள் கடையில் லாரியிலிருந்து கல் பலகை இறக்குகிறவன். அவன் முதுகும் ஒழுங்காக இல்லை என்பது பாஞ்சாலிக்குத் தெரியும். படுக்கையிலிருந்து எழுந்திருக்கும்போது அவன் முதலில் பக்கவாட்டில் உருண்டு, பிறகு முட்டி போட்டு, பிறகு சுவரைப் பிடித்து, தவழ்கிற குழந்தை எழுந்து நிற்பதைப்போல நிற்பான். கேட்டால் சோம்பல் முறிப்பதாகச் சொல்வான். பல பேர் சேர்ந்து ஒரு பலகையைத் தூக்குகிற வேலையில், வலிக்கிறது என்று ஒருவன் சொல்லிவிட்டால் மறுநாள் அந்த மூலையைப் பிடிக்க வேறு ஆள் வந்துவிடுவான். அதனால் அந்தக் கும்பலில் யாருக்கும் வலி கிடையாது. ஊரெல்லாம் மிதி வாங்குகிற வாசலில் அவன் மட்டும் குனிந்ததில்லை. பொண்டாட்டியிடம் பட்டப்பகலில் உதை வாங்குவதற்கு அவனுக்கு என்ன தலையெழுத்து?

பாஞ்சாலிக்குக் கம்பெனியில் வேறு பெயர். அவள் ரெடிமேட் சட்டை தைக்கிற கம்பெனியில் இஸ்திரி டேபிளில் நின்றாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை சிமென்ட் தரையில் நிற்கவேண்டும்; ஸ்டூல் போட்டால் வேலை தூங்கும் என்று சூப்பர்வைசர் எடுத்துவிட்டான். அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் "ஏய் இஸ்திரி" என்பான். சந்துக்குத் திரும்பினால் அதே பாஞ்சாலி 'காலக்கா'. கார்ப்பரேஷன் குழாயில் தண்ணீர் வரும்போது கூடப் பிறந்தவளே குடத்தால் இடிக்கிற அந்த வரிசையில், காலக்காவின் குடம் வந்தால் மற்றக் குடங்கள் தாமாக நகர்ந்து வழிவிடும். அவள் கேட்டதேயில்லை. கேட்காமல் கிடைக்கிற மரியாதை உலகத்தில் அவளுக்கு அது ஒன்றுதான்.

ஆகையால், ரெண்டாயிரம் பிறந்தால் உலகம் அழிந்துவிடும் என்று டீக்கடையில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்த அந்த வருஷம் ஒரு காலையில், பாயிலிருந்து எழுந்து வலது காலை ஊன்றியபோது குதிகாலில் ஆணி அடித்தாற்போல் ஒரு வலி ஏறியதும், அவள் முதலில் செய்தது வாயைப் பொத்திக்கொண்டதுதான்.

கொஞ்சம் நடந்ததும் வலி குறைந்தது. சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மறுபடி வந்தது. மறுநாள் காலையில் ஆணி இன்னும் கொஞ்சம் பெரியதாக இருந்தது. எண்ணெய் தேய்த்தாள், நொச்சித் தழையைக் கொதிக்கவைத்து ஒத்தடம் கொடுத்தாள், தைல பாட்டிலைக் காலி செய்தாள். வலி எதற்கும் அசையவில்லை.

"ஊரு இடுப்பையெல்லாம் சரி பண்ற காலு, அதுக்கே காலு வலியா?" என்று இளங்கோவன் பாயில் படுத்தபடியே சிரித்தான். "நீ உன் காலை எடுத்து உன் காலையே மிதிச்சிக்கோ. சரியாப் போவும்."

"சிரிய்யா, சிரி. வெளிய எவனுக்காவது தெரிஞ்சுது, அப்புறம் உன் மார்பிள் கல்ல நான் உன் தலைமேல எறக்குவேன்."

"நான் ஏன் சொல்றேன்? காலக்கா புருஷன்னுதான் எனக்கு டீக்கடையில பெஞ்சுல எடம் விடறான். அதக் கெடுத்துக்குவனா?"

ஞாயிற்றுக்கிழமை மிதி நிற்கவில்லை. வலது காலை வைத்து மிதிக்கும்போது அவளுக்கு உச்சந்தலை வரை சுண்டியது. குனிந்து நின்றவர்கள் விதிப்படி வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். மிதித்தவளும் பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டாள். ஒரு வாரம் இடது காலை மாற்றிப் பார்த்தாள். டெம்போ ஓட்டுகிற மஞ்சுநாத், வாசற்காலைப் பிடித்தபடி கழுத்தை மட்டும் திருப்பி, தனக்குத் தெரிந்த தமிழில், "அக்கா, இது அந்த காலு இல்ல" என்று சொல்லிவிட்டான். பேசக்கூடாத இடத்தில் பேசியதால் அவனுக்குத்தான் திட்டு விழுந்தது. ஆனால் பிறக்கும்போது முதலில் வந்தது எந்தக் கால் என்று சந்தில் ஒரு வாரம் விவாதம் நடந்தது. பாஞ்சாலி மறுபடி வலது காலுக்கே திரும்பினாள்.

கம்பெனியில் ஒருநாள் நிற்க முடியாமல் டேபிளின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கை இஸ்திரிப் பெட்டிக்குப் போக நேரமானதால், வெளிநாட்டுக்குப் போகவேண்டிய ஒரு சட்டையின் முதுகில் பெட்டி தன் முகத்தைப் பதித்துவிட்டது. அதற்கு மேல்தான் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். சந்தில் பல் வலி என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் குதிகாலை இரண்டு விரலால் அழுத்தினார். அவள் நாற்காலியோடு எகிறினாள். அவர் மேலே எதுவும் கேட்காமல், பின்கட்டில் இருக்கிற ஃபிசியோதெரபி அறைக்கு அனுப்பிவிட்டார்.

நீளமான அறை. பச்சைத் திரைகளால் தடுத்துத் தடுத்துக் கட்டில்கள். ஒரு பக்கம் ஒருவர் கயிற்றையும் கப்பியையும் பிடித்து, கிணறு இல்லாத இடத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் நகராத சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தார். எல்லாம் பாஞ்சாலிக்கு விளையாட்டுச் சாமான் கடைபோலத் தெரிந்தது. அங்கே வேலை பார்த்தவள் சங்கமித்ரா என்கிற பெண். முப்பது வயதுகூட இருக்காது. கன்டோன்மென்ட் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். மிஷின் மேலே ஒரு சின்ன புத்தர் படம் ஒட்டியிருந்தாள்.

"டாக்டரம்மா..."

"டாக்டர் இல்லம்மா, ஃபிசியோ. உக்காருங்க. எப்படி வலிக்குது? குத்துதா, எரியுதா, குடையுதா?"

பாஞ்சாலி திகைத்துப்போனாள். இத்தனை வருஷமாக அவள் எத்தனையோ முதுகை மிதித்திருக்கிறாள். யாரிடமும் அவள் இதைக் கேட்டதில்லை. அவளிடமும் யாரும் கேட்டதில்லை.

"காலைல ஆணி மாதிரி குத்துது. மத்தியானம் கடுக்குது. சாயங்காலம் விண்ணு விண்ணுனு தெறிக்குது. படுத்தா உளைச்சல் எடுக்குது" என்று சொல்லச் சொல்ல, தன் காலுக்கு இவ்வளவு பாஷை தெரியும் என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"சரி. வலியே இல்லன்னா சைபர். தாங்கவே முடியலன்னா பத்து. உங்க வலி எத்தன?"

பாஞ்சாலி யோசித்தாள். பத்து என்று சொன்னால் பேராசைபோல இருக்கும். ரெண்டு மூன்று என்றால் வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டால்?

"நீங்களே பாத்துப் போடுங்கம்மா. பாஸானா போதும்."

சங்கமித்ரா சிரித்துவிட்டாள். ஏழு போட்டாள். குதிகாலில் சில்லென்று ஒரு பசையைத் தடவி, சின்ன இஸ்திரிப் பெட்டிபோல ஒன்றை வைத்து வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். சூடு இல்லை, குத்தல் இல்லை, சத்தம்கூட இல்லை. வலிக்காத வைத்தியம் என்ன வைத்தியம் என்று பாஞ்சாலிக்கு மனசுக்குள் ஓடியது. இதே பெட்டியைத் தன் டேபிளில் இப்படித் தேய்த்தால் ஒரு காலர்கூடப் படியாது.

"குதிகால்லேருந்து விரல் வரைக்கும் அடியில ஒரு பட்டை ஓடுதும்மா. நாளெல்லாம் சிமென்ட்ல நிக்கிறதுல அது இழுத்து இழுத்துப் புண்ணாயிருக்கு. ராத்திரி சுருங்கிக்கும். காலைல எழுந்து ஊனினதும் வெடுக்குனு இழுக்கும். அதான் உங்க ஆணி." பிறகு வரிசையாகச் சொன்னாள்: வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்புப் போடவேண்டும். ஐஸ் பாட்டிலைக் காலுக்கடியில் உருட்டவேண்டும். இரண்டு கையையும் சுவரில் ஊன்றி, வலது காலைப் பின்னால் நீட்டி, சுவரைத் தள்ளவேண்டும். கெண்டைச் சதை இழுக்கிற மாதிரி. "வெறுங்கால்ல ஓங்கி மிதிக்கிற வேல ஏதாவது செய்றீங்களா?"

"சே சே. நான் ஏம்மா மிதிக்கப் போறேன்?" என்றாள் பாஞ்சாலி.

வீட்டில் ஐஸ் பெட்டி இல்லை. மீன் கடை ஐஸைப் பழைய சர்பத் பாட்டிலில் போட்டு உருட்டினாள். வீட்டுக்குள் செருப்போடு நடந்தாள். இளங்கோவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "காலு வஞ்சிர மீனு வாசன அடிக்குது. உள்ள வேற செருப்பு. எந்த பங்களாவுலேருந்து வந்த மேம்சாப்பு நீ?" என்றான். சுவரைத் தள்ளும்போது பின்னால் வந்து நின்று, "அந்தாண்ட வீட்டுக்காரன் வாடகை குடுக்கிறானே, அவன் மேல ஏன் சுவரத் தள்ற?" என்றான். இருந்தாலும் மீன் கடைக்கு அவன்தான் போய்வந்தான்.

அடுத்த புதன்கிழமை மறுபடி 'பல் வலி'. பாஞ்சாலி திரைக்குப் பின்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சங்கமித்ரா பசையைத் தடவித் தேய்த்து முடித்து, துணி எடுக்கப் பக்கத்துத் திரைக்குள் போனாள். அங்கிருந்து அவள் குரல் கொஞ்சம் ஏறியது.

"என்னம்மா இது, இடுப்புல நீலமா?"

"கதவு இடிச்சிருச்சும்மா."

"கதவு இவ்ளோ வட்டமா இடிக்குமா? குதிகால் அளவுக்கு இருக்கு. யார் மிதிச்சது?"

பாஞ்சாலிக்குக் காது நீண்டது. அந்த 'இடிச்சிருச்சும்மா' தினமும் விடிகாலையில் "இட்லீ..." என்று சந்தில் கேட்கிற குரல். எதிர் வீட்டு அம்புஜம். இட்லி வியாபாரம், மாவு அண்டாவைத் தூக்கித் தூக்கி இடுப்புப் போனவள். மாதம் தவறாமல் மிதி வாங்குகிறவள்.

"எங்க சந்துல ஒருத்தி இருக்காம்மா. காலு முன்னால பொறந்தவ. நல்லவதான்..."

"உங்க டிஸ்க் ஏற்கனவே பிதுங்கி நரம்ப அழுத்துது. இதுல ஒருத்தர் ஏறி மிதிச்சா காலே மரத்துப்போயிடும். அப்புறம் இட்லி அண்டா இல்ல, டம்ளர் தூக்க முடியாது. வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிம்மா சொல்றது?" அம்புஜத்தின் குரல் இறங்கியது. "மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப கொஞ்ச நாளா அவ மிதிச்சா பெருவிரல் வரைக்கும் சுர்ருனு மின்சாரம் ஓடுது. கத்தக்கூடாது, அது ரூலு. போவாம இருந்தா ஏன் வரலன்னு கேப்பா. கம்பெனில நாயா நிக்கிறாம்மா அவ. ஞாயித்துக்கெழம ஒரு நாளுதான் ராணி மாதிரி அந்த வாசல்ல நிக்கிறா. நான் போயி வேணாம்னா அவ மூஞ்சி சுண்டிடும். என்னால அதப் பாக்க முடியாது. ஒரு மிதிதானே, வாங்கிட்டுப் போவோம்னு..."

பாஞ்சாலிக்கு முதலில் கோபம் வந்தது. பாவம் பார்த்து மிதி வாங்குகிறாளாம்! பிறகு 'மரத்துப்போயிடும்' என்ற வார்த்தை மெல்ல வந்து சேர்ந்தது. அவள் காலுக்கடியில் இத்தனை நாள் இருந்தது பிடிப்பு இல்லை, நரம்பு. எழுந்து, பசை வழுக்கிய காலோடு ஒரு கையால் கட்டிலைப் பிடித்து, மறுகையால் திரையை விலக்கினாள்.

அம்புஜம் மல்லாந்து கிடந்தாள். இடுப்பில் பெல்ட், பெல்ட்டிலிருந்து கயிறு, கயிற்றின் முனையில் எடை. சந்தைக்குக் கட்டிப்போட்ட கோழிபோல எழுந்திருக்கவும் முடியாமல், திரும்பவும் முடியாமல், கண்ணை மட்டும் உருட்டினாள்.

"நீ எங்கடி இங்க?"

"பல்லு வலி" என்றாள் பாஞ்சாலி.

அம்புஜம் அவள் காலைப் பார்த்தாள். பசை மினுமினுத்த வலது குதிகாலைப் பார்த்தாள். "பல்ல கால்ல வெச்சிருக்கியா?"

சங்கமித்ரா இருவரையும் மாறி மாறிப் பார்த்து, கடைசியில் பாஞ்சாலியின் குதிகாலைப் பார்த்தாள். "மிதிக்கிறது நீங்கதானா?" என்றாள். திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அந்த நேரத்தில் மூலைக் கட்டிலில், சிவப்பு விளக்குக்கு அடியில் முகத்தைத் துண்டால் மூடிக் குப்புறப் படுத்திருந்த ஆள் மெதுவாக எழுந்து சுவரோரமாக வாசலைப் பார்த்து நகர்ந்தான். துண்டு நழுவியது. கழுத்தில் பட்டை கட்டிய மஞ்சுநாத்.

"காலக்கா... நான் சும்னே, சும்மா வந்தேன். ஃப்ரெண்ட பாக்க" என்றான்.

அம்புஜம்தான் முதலில் சிரித்தாள். சிரித்ததும் இடுப்பு இழுத்து "ஐயோ" என்றாள். ஐயோ என்றபடியே மறுபடி சிரித்தாள். பாஞ்சாலி சிரிக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, "ஏன்க்கா, வலிக்குதுடின்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்றாள்.

"நீ சொன்னியா?"

ஒருத்தி நொந்த காலால் மிதித்திருக்கிறாள். இன்னொருத்தி நொந்த இடுப்பைக் குனிந்து கொடுத்திருக்கிறாள். இருவரும் அடுத்தவள் மனசு கோணக்கூடாது என்று பார்த்திருக்கிறார்கள். உடம்பைக் கோணலாக்கிக்கொண்டதுதான் மிச்சம்.

மறுபடி ஞாயிற்றுக்கிழமை வந்தது. முந்தின நாள் முழுக்க பாஞ்சாலி சட்டைகளை மடிக்காமல் யோசனையை மடித்துக்கொண்டிருந்தாள். மிதித்தால் யாருக்காவது கால் போகும். மிதிக்கமாட்டேன் என்றால் கால் போன காலக்கா என்று தன் பெயர் போகும். குழாயடி நினைவுக்கு வந்தது. இனி அவள் குடமும் மற்றக் குடத்தோடு நின்று இடிபட வேண்டும். கம்பெனியிலும் இஸ்திரி, சந்திலும் வெறும் பாஞ்சாலி.

"உடம்பு சரியில்லன்னு நான் சொல்லிடட்டுமா?" என்று இளங்கோவன் கேட்டான். அவன் கிண்டல் செய்யாமல் கேட்டது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"எத்தன வாரம் சொல்லுவ?" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனாள்.

வழக்கமான கூட்டம். பல் விளக்காத வாய்கள், கலைந்த தலைகள். முன்னால் அம்புஜம். அவள் வராமல் இருந்திருக்கலாம். ஆனால் வராவிட்டால் நாலு பேர் கேட்பார்கள் என்று வந்திருந்தாள். விதிப்படி வாசற்காலைப் பிடித்துக் குனிந்தாள். பாஞ்சாலி காலைத் தூக்கினாள். அந்த முதுகில் நீலம் எங்கே இருக்கிறது என்று இப்போது அவளுக்குத் தெரியும். தூக்கிய கால் அங்கே போகவில்லை. கீழே வைத்தாள்.

"எழுந்திரு அக்கா" என்றாள் சத்தமாக. "எங்க வலிக்குது, சொல்லு."

கூட்டத்தில் தலைகள் நிமிர்ந்தன. மிதிக்கிற இடத்தில் பேச்சா?

"பேசக்கூடாதேடி" என்றாள் அம்புஜம், குனிந்தபடியே.

"அந்த ரூலு போச்சு. எல்லாருக்கும் சொல்றேன், கேட்டுக்கோங்க. இனிமே நான் யாரையும் மிதிக்கமாட்டேன். டிஸ்க்கு பிதுங்கின இடுப்ப மிதிச்சா காலு மரத்துப்போவுமாம். ஆஸ்பத்திரில சொன்னாங்க. அது போக, என் குதிகாலே செத்துப்போச்சு. மூணு மாசமா ஊன முடியல. நானே வைத்தியத்துக்குப் போறேன். அம்புட்டுதான்."

சொல்லிவிட்டு, வந்தது வரட்டும் என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு பின்வரிசையிலிருந்து, பழைய இரும்புக் கடை அப்பாதுரையின் குரல் தழுதழுத்து வந்தது.

"பாருங்கப்பா. நம்ம வலியெல்லாம் போச்சு போச்சுன்னமே, எங்க போச்சு? எல்லாம் அந்த அம்மா கால்லதான் போயி சேந்திருக்கு!"

பாஞ்சாலி வாயைப் பிளந்தாள்.

"ஹௌது, ஆமா!" என்றான் மஞ்சுநாத், கழுத்துப் பட்டைக்கு மேல் கண்கள் விரிய. "அத்தன பேர் நோவு. ஒரு காலு எவ்ளோ தாங்கும்?"

"அட அறிவு கெட்டவனுங்களா, இது கம்பெனில நின்னு நின்னு வந்த வலிய்யா! சிமென்ட் தரை! ஸ்டூல எடுத்துட்டான் அந்த சூப்பர்வைசர்!" என்று பாஞ்சாலி கத்தினாள். யாரும் கேட்கவில்லை. சிமென்ட் தரையைப் பற்றிக் கேட்க யாருக்கு ஆசை? அவர்கள் எல்லாரும் நாளெல்லாம் சிமென்ட் தரையில் நிற்கிறவர்கள்தான். அதற்காக அழ ஆரம்பித்தால் வேலைக்கு எப்போது போவது? ஊரார் வலியை வாங்கிக்கொண்ட கால் என்பது கேட்க நன்றாக இருந்தது. ஒரு பெண் தன் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாஞ்சாலியின் குதிகாலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பாஞ்சாலி காலை இழுக்கப் போய், வலித்து, "ஸ்ஸ்" என்றாள். அந்த 'ஸ்ஸ்' கூட்டத்தில் மீதி இருந்த சந்தேகத்தையும் தீர்த்துவிட்டது.

"இப்ப எங்களுக்கு யாரு பாப்பாங்க காலக்கா?" என்று ஒருவர் கேட்டார்.

"ஆஸ்பத்திரிக்குப் போங்க. புதன்கிழமைல ஒரு பொண்ணு இருக்கா. எங்க வலிக்குது, எப்படி வலிக்குதுன்னு கேப்பா. வாயத் தொறந்து பதில் சொல்லுங்க. நம்பர் கேட்டா வெக்கப்படாம சொல்லுங்க."

"அதுவரைக்கும்?"

பாஞ்சாலிக்கு எரிச்சலாகிவிட்டது. "அதுவரைக்கும் சுவரத் தள்ளுங்க!" என்று சொல்லி, எப்படி என்று கையை ஊன்றிக் காட்டினாள்.

அதைச் சொல்லியிருக்கக்கூடாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பல் விளக்காமல், காபி குடிக்காமல் வந்து பத்துப் பேர் அவள் வீட்டு வெளிச்சுவரைத் தள்ளிக்கொண்டு நின்றார்கள். வேறு சுவரைத் தள்ளினால் பலன் இல்லையாம். அம்புஜம் தள்ளவில்லை; அவளுக்கு ஃபிசியோ வேறு பயிற்சி சொல்லியிருந்தாள். அவள் எதிர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "மஞ்சுநாத்து, முட்டிய மடக்காத! பின்னங்காலு, பின்னங்காலு!" என்று அதிகாரம் பண்ணினாள். சங்கமித்ராவிடம் பாஞ்சாலி இதைச் சொன்னபோது அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "அது உங்க குதிகாலுக்குச் சொன்னதும்மா!" என்றாள். பிறகு யோசித்து, "பரவாயில்ல. சுவர் திருப்பி மிதிக்காது" என்றாள்.

குழாயடியில் பாஞ்சாலியின் குடம் இப்போது முன்னால் போவதோடு நிற்கவில்லை. நொந்த காலோடு அவள் ஏன் தூக்கவேண்டும் என்று யாராவது தண்ணீர் பிடித்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அவள் வேண்டாம் என்றால் கண் கலங்கினார்கள். உண்மையைச் சொன்னால் பெயர் போகும் என்று மூன்று மாசம் பயந்தாள். உண்மையைச் சொன்ன பிறகு அந்தப் பெயரைக் கழற்றி வைக்கக்கூட முடியவில்லை. கம்பெனியில் மட்டும் ஒன்றும் மாறவில்லை. அவள் ஸ்டூல் கேட்டாள். சூப்பர்வைசர் சிரித்தான். மறுநாள் மெத்தென்ற செருப்போடு போய் நின்று, அதைக் கழற்றச் சொன்னபோது, "கழட்டமாட்டேன்" என்றாள். அவன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்த டேபிளுக்கு நகர்ந்துவிட்டான். கால் ஏழிலிருந்து நாலுக்கு வந்திருந்தது. இந்த முறை நம்பரை அவளே சொன்னாள்.

ஒரு மத்தியானம், கூட்டமெல்லாம் கலைந்து சந்து சாப்பாட்டு மயக்கத்தில் இருந்தபோது, பாஞ்சாலி பாத்திரம் கழுவின தண்ணீரை ஊற்ற வெளியே வந்தாள். சுவரோரம் இளங்கோவன் நின்றிருந்தான். இரண்டு கையும் சுவரில், ஒரு கால் பின்னால், பல் கடித்த முகம்.

"என்னாய்யா பண்ற?"

அவன் கையை எடுக்கவில்லை. "சுவத்துல ஈரம் ஏறியிருக்கான்னு பாக்கறேன்."

"முதுகு வலிக்குதா?"

"எவன் சொன்னான்?"

பாஞ்சாலி பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் வந்து நின்றாள். அவன் கும்பலின் சட்டம் அவளுக்குத் தெரியும். சங்கமித்ரா கேட்டது போலக் கேட்டால் அவனிடம் ஒரு நம்பரும் வராது.

"சரி, வலிக்கலன்னே வெச்சிக்கோ. வலிக்காத எடம் எது, அத மட்டும் சொல்லு."

இளங்கோவன் சுவரைத் தள்ளியபடியே கழுத்து, தோள், முதுகு, முட்டி என்று உள்ளுக்குள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனான். அதற்கு அவனுக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

"இடது காது" என்றான்.